இடுப்பளவுத் தண்ணீர்

1

தன் துக்கத்தைப் பார்த்துத் தானே சிரிக்கிறவனை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி பழையது. அதை இங்கே மறுபடி எழுப்பக் காரணம், அநேகமாக யாரும் கலை என்று மதிக்காத ஒரு சிறிய விஷயம்: கிறுக்கல். ஆபீஸ் காகிதத்தின் ஓரத்தில், வீணாய்ப்போன படிவத்தின் பின்புறத்தில், டெலிபோனில் யாரோ பேசிக்கொண்டே போகும்போது பேனா தன்போக்கில் போட்டுவிடுகிற மனித உருவம். கழுத்து நீண்டிருக்கும். கைகள் குச்சியாகியிருக்கும். ஏதோ தப்புச் செய்து அகப்பட்டுக்கொண்டதுபோல் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கீழே ஒரு வரி. படித்தால் சிரிப்பு வரும். மறுபடி பார்த்தால், சிரித்தது சரிதானா என்று ஒரு சங்கடம் வரும்.

தமிழில் அந்தச் சொல்லே அர்த்தபுஷ்டி உள்ளது. கிறுக்குவது என்றால் ஒழுங்கில்லாமல் கோடிடுவது; கிறுக்கு என்றால் சித்தம் பிசகியிருப்பது. கையின் பிசகையும் மனத்தின் பிசகையும் ஒரே வேரில் கட்டிவைத்திருக்கிறது பாஷை. ஆனால் பேச்சு வழக்கில் இரண்டுமே லேசான சொற்கள். 'அவன் ஒரு கிறுக்கன்' என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். 'அவன் பைத்தியம்' என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. சிகிச்சைக்கும் கேலிக்கும் நடுவே ஏதோ ஓரிடத்தில் அந்தச் சொல் நிற்கிறது. நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமும் அங்கேதான் நிற்கிறது.

சொந்தத் துயரத்தை, தன்னைப் பற்றிய நம்பிக்கையின்மையை, கறுப்பான ஹாஸ்யமாக்கிப் படம் போடுகிறவன் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. முதலாவது தீவிரமானவர்கள் சொல்வது: துக்கம் கனமானது, அதைச் சிரிப்பாக்குகிறவன் கனம் தாங்க மாட்டாமல் வழியில் இறக்கிவைத்துவிட்டு ஓடுகிறான். இரண்டாவது சந்தேகப் பிராணிகள் சொல்வது: தன்னைக் கேலி செய்துகொள்கிறவன் தலைகீழ் கர்வி; 'நான் லாயக்கில்லாதவன்' என்று அவன் சொல்வது, 'அப்படியெல்லாம் இல்லை' என்று நாம் பதறி மறுக்க வேண்டும் என்பதற்காக. முதல் குற்றச்சாட்டில் அவன் கோழை, இரண்டாவதில் பிச்சைக்காரன்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டு வகை மனிதர்களையும் நமக்குத் தெரியும். ஆனால் இந்த இரண்டோடு விஷயம் தீர்ந்துவிடுகிறதா, மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை ஒரு கொள்கையாகச் சொல்வதைவிட ஓர் ஆளை வைத்துச் சொல்வது நல்லது.

2

ஸ்டீவி ஸ்மித் 1902ல் இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் குடும்பத்தை விட்டுக் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். தாயும் இரண்டு பெண்களும் லண்டனின் வடக்குப் புறநகரான பால்மர்ஸ் க்ரீனுக்கு வந்து சேர்ந்தார்கள். பெரியம்மாளோ சித்தியோ, அந்த உறவுக்கு ஆங்கிலத்தில் உள்ள ஒரே சொல்லால் அழைக்கப்பட்ட தாயின் சகோதரி ஒருத்தி வந்து குடும்பத்தைத் தாங்கினாள். அவளைத்தான் சிங்கம் என்று பட்டம் கொடுத்துத் தன் எழுத்தெல்லாம் கொண்டாடினார் ஸ்டீவி. மூன்று வயதில் நுழைந்த அந்த வீட்டில்தான் 1971ல் இறக்கும்வரை குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பத்திரிகைக் கம்பெனியில் முதலாளியின் அந்தரங்கக் காரியதரிசியாக ஏறக்குறைய முப்பது வருஷம் வேலை பார்த்தார். 1936ல் வெளிவந்த அவருடைய முதல் நாவலின் பெயரிலேயே மஞ்சள் காகிதம் வருகிறது: ஆபீஸில் கார்பன் பிரதிக்கு உபயோகிக்கும் காகிதத்தில், ஆபீஸ் டைப்ரைட்டரில், வேலைக்கு நடுவே அடித்தது அது. கம்பெனிக் காகிதத்தில் இலக்கியம் செய்வது என்ன பாவம் என்று நமக்குத் தெரியும். ஆனால் எந்தத் தணிக்கையாளரும் அதைப் பிற்பாடு குற்றமாக எழுதவில்லை.

அவர் கவிதை எழுதினார், கூடவே கிறுக்கினார். கிறுக்கல் என்று சொன்னது நானல்ல, அவரே அப்படித்தான் சொன்னார். தொப்பி போட்ட பெண்கள், நாய்கள், பூனைகள், அழுக்குக் குழந்தைகள், எங்கோ வெறித்துப் பார்க்கும் கிழவர்கள். ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொள்வார்; புத்தகம் வரும் சமயத்தில் எந்தக் கவிதைக்கு எது பொருந்தும் என்று துழாவி எடுப்பார். அதாவது அநேகப் படங்கள் கவிதைக்காகப் போடப்பட்டவை அல்ல. பக்கத்தில் வைத்த பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு விவகாரம் தொடங்குகிறது. பிரசுரகர்த்தர்களில் சிலருக்குப் படங்கள் பிடிக்கவில்லை, கவிதையின் கௌரவத்தைக் குறைப்பதாகப் பட்டது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1958ல் கவிதையே இல்லாமல், படமும் அதனடியில் ஒரு வரியுமாக ஒரு தனிப் புத்தகமே போட்டார்.

அவருடைய மிகப் பிரசித்தமான கவிதை பன்னிரண்டு வரிதான். கடலில் முழுகிச் செத்த ஒருவன். முழுகும்போது அவன் கையை ஆட்டினான். கரையில் இருந்தவர்கள் குதூகலத்தில் ஆட்டுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். எப்போதும் விளையாட்டுப் பேர்வழி, பாவம், தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும் என்று அனுதாபத்தோடு பேசிக்கொள்கிறார்கள். செத்தவன் மறுக்கிறான்: இன்றைக்கு மட்டுமல்ல, எப்போதுமே அவனுக்குக் குளிர்தான், எப்போதுமே அவன் கரைக்கு எட்டாத தூரத்தில்தான் இருந்தான். இவ்வளவே. இதை எழுதியது 1953ல். அதே வருஷம் ஜூலையில், ஆபீஸில் வைத்தே, ஸ்டீவி தன் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். பிழைத்தார். கம்பெனி பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. கவிதை 1957ல் அதே தலைப்புள்ள தொகுதியில் வந்தது, கூடவே ஒரு கிறுக்கலும்.

அந்தக் கிறுக்கலைப் பார்க்க வேண்டும். கவிதையில் செத்தவன் ஆண்பிள்ளை. படத்தில் இருப்பதோ ஒரு பெண். ஈரத் தலைமயிர் முகத்தின்மேல் விழுந்து கிடக்கிறது. கை ஆடவில்லை. அபயக் குரல் எழுப்பும் வாய் அல்ல அவள் வாய். முக்கியமாக, இடுப்பிலிருந்து மேலே உடம்பு முழுசாகத் தெரிகிறது.

இடுப்பளவுத் தண்ணீரில் யாரும் முழுகிப்போவதில்லை.

3

இந்தப் படத்தைக் கவனக்குறைவு என்று சொல்பவர்கள் இருக்கலாம். பெட்டிக்குள் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார் என்று. அப்படியே இருக்கட்டும். பெட்டியில் இருந்த அத்தனை படங்களில் இது அகப்பட்டது என்பதும், அகப்பட்டதை அவர் திருப்பிப் போடவில்லை என்பதும் போதும் எனக்கு. கவிதை சொல்லாத ஒன்றை, சொல்லக் கூசும் ஒன்றை, படம் சொல்லிவிடுகிறது: நான் முழுகுவது ஆழ்கடலில் அல்ல, எழுந்து நின்றால் நிற்கக்கூடிய தண்ணீரில்.

நான் சொல்லவந்த மூன்றாவது வகையின் மர்மம் இங்கே இருக்கிறது. துக்கங்களில் அத்தாட்சி உள்ளவை, அத்தாட்சி இல்லாதவை என்று இரண்டு உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவள், போரில் காலை இழந்தவன், பட்டினி கிடக்கிறவன் — இவர்கள் துக்கத்துக்குக் காரணம் கேட்க யாருக்கும் வாய் வராது. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம், தலைக்குமேல் கூரை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, கடைசியில் பென்ஷன் எல்லாம் உள்ள ஒருவன் காலையில் எழுந்து உட்கார்ந்து, இன்னொரு நாளைச் சமாளிக்க முடியாது என்று நினைக்கிறானே, அவன் துக்கத்துக்கு எங்கே அத்தாட்சி? எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அது வவுச்சர் இல்லாத பற்று. தொகை கணக்கில் கழிந்துவிட்டது. கழிந்ததற்கு ஆதாரம் கிடையாது. தணிக்கையில் நிற்காது என்பது எழுதியவனுக்கே தெரியும்.

இப்படிப்பட்ட துக்கத்தில் துக்கத்தோடு கூட ஒரு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. 'எனக்கு என்ன குறைச்சல்?' என்று அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான், ஊர் கேட்பதற்கு முன்பாகவே. பதில் இல்லை. பதில் இல்லாததால் துக்கம் குறைவதுமில்லை, இரண்டு மடங்காகிறது: துக்கப்படுகிறோம் என்பது ஒன்று, துக்கப்பட யோக்யதை இல்லாமல் துக்கப்படுகிறோம் என்பது இன்னொன்று. தன்னைப் பற்றிய நிச்சயமின்மை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டை எண்ணும்போது நகையை முதலிலும், அழுகையை அடுத்தும், இளிவரலை மூன்றாவதாகவும் வைக்கிறார். இளிவரல் — தன்னைத் தாழ்வாக உணர்வது — மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறார். அழுகை பிறக்கும் நான்கில் முதலாவதாகவும் இளிவே நிற்கிறது. ஆக இளிவு அழுகைக்குப் போகும் வழி அங்கேயே போடப்பட்டிருக்கிறது. இளிவு நகைக்குப் போகும் வழிதான் அந்தப் பட்டியலில் இல்லை; நகைக்குச் சொல்லப்பட்ட நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவை. எள்ளலைத் தன்மேலேயே திருப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் நம் விஷயம். தன்னை இளிவாக உணர்கிறவன் அழுதால், தன் அழுகைக்கு ஆதாரம் உண்டு என்று வாதாடுகிறான் என்று ஆகும். ஆதாரம் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அழவும் உரிமையில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை என்ற இடுக்கில் அகப்பட்டவனுக்குக் கடைசியாக மிஞ்சுவது எள்ளலும், கையில் இருக்கிற பேனாவும்.

முதல் குற்றச்சாட்டு இப்போது நிற்கவில்லை. அவன் கனத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடவில்லை. கனத்தோடு அதன் அளவையும் சேர்த்துச் சொல்கிறான். 'முழுகுகிறேன்' என்பது உண்மை, 'இடுப்பளவுதான் தண்ணீர்' என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒரே சமயத்தில் சொல்ல முயன்றால் வெளிவருவது சிரிப்புதான், வேறு எந்தத் தொனியிலும் அதைச் சொல்ல முடியாது. முதலாவதை மட்டும் சொன்னால் புலம்பல். இரண்டாவதை மட்டும் சொன்னால் உபதேசம்.

4

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கொஞ்சம் சிக்கலானது. அதற்கு லார்க்கினிடமிருந்து தொடங்கலாம். ஃபிலிப் லார்க்கின், தானும் சிரிப்பும் சோர்வுமாக எழுதியவர், 1962ல் ஸ்டீவி ஸ்மித்தின் தொகுதிக்கு ஒரு மதிப்புரை எழுதினார். விளையாட்டுத்தனம், எளிதில் காயம்படும் தன்மை என்ற இரண்டையும் தலைப்பிலேயே சேர்த்து வைத்தார். அவருடைய கோணங்கித்தனங்களையெல்லாம் ஒவ்வொன்றாய்ச் சொல்லிவிட்டு, இவ்வளவுக்கும் அப்பால் இந்தக் கவிதைகள் சோகத்துக்கே உரிய அதிகாரத்தோடு பேசுகின்றன என்ற கருத்தில் முடித்தார். ஸ்டீவியின் மதிப்பை நிலைநாட்டிய வாக்கியங்களில் அது ஒன்று. நல்ல எண்ணத்தில் சொன்னது. ஆனால் நேர்மாறாகத்தான் எனக்குப் படுகிறது.

சோகத்துக்கு அதிகாரம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. வீட்டில் ஒருவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள், ரேடியோவை நிறுத்துகிறார்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் துக்கப்படுகிறவர் சொல்வதுதான் சட்டம். சோகத்தை வைத்துப் பிறரை ஆள முடியும், ஆண்டவர்களையும் பார்த்திருக்கிறோம். இலக்கியத்திலும் அப்படித்தான்: கவிஞன் தன் காயத்தைத் திறந்து காட்டிவிட்டால், கவிதை நன்றாக இருக்கிறதா என்று கேட்பது இங்கிதமற்ற செயலாகிவிடுகிறது. நம்முடைய ஜனரஞ்சகப் பத்திரிகைகளில் கண்ணீர் எந்த அளவுக்கு ஒரு செலாவணி என்பதை இந்தப் பக்கங்களில் பலமுறை பேசியாகிவிட்டது.

ஸ்டீவியின் கிறுக்கல் செய்கிற காரியம் இந்த அதிகாரத்தை ராஜிநாமா செய்வது. கவிதை கனத்துப்போய், வாசகன் தொப்பியைக் கழற்றத் தயாராகும் கணத்தில், பக்கத்தில் ஒரு கோமாளி உருவம் வந்து நின்று, 'உட்காருங்கள், ஒன்றுமில்லை' என்கிறது. வாசகனின் அனுதாபத்தைக் கட்டாயப்படுத்தி வாங்க வேண்டாம் என்பதுதான் படத்தின் வேலை. பிச்சைக்காரன் இதைச் செய்யமாட்டான். அனுதாபத்தைச் சம்பாதிக்கத் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறவன், தாழ்ந்திருக்கும் தன்னை அழகாகத்தான் காட்டுவான். அவனுடைய கண்ணீர் சரியான கோணத்தில் விழும். ஸ்டீவியின் உருவங்களில் அழகு கிடையாது. கோடு தேர்ச்சியற்றது. தேர்ச்சி என்பதே ஒரு பெருமை. தேர்ச்சியற்ற கோட்டால் பெருமையடித்துக்கொள்ள முடியாது.

இந்த இடத்தில் தர்பர் ஞாபகம் வருகிறார். ஜேம்ஸ் தர்பர் அமெரிக்கர். சிறு வயதில், விளையாட்டில் அண்ணன் விட்ட அம்பு பட்டு ஒரு கண் போனவர். மறு கண்ணும் பிற்பாடு மங்கி அவிந்தது. அவர் கிறுக்கிப் போட்டதையெல்லாம் ஆபீஸ் அறையைப் பகிர்ந்துகொண்ட ஈ.பி. ஒயிட் பொறுக்கி எடுத்து, பென்சில் கோட்டின்மேல் மை போட்டு, 1929ல் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகத்துக்குக் கொண்டுபோனார். பிரசுராலயத்தார், யாரோ தொழில்முறைச் சித்திரக்காரர் வரையப்போகும் படங்களுக்கு இவை முன்மாதிரி என்று எண்ணினார்களாம். இல்லை, படங்களே இவைதான் என்றார் ஒயிட். அந்தப் பிரசுரகர்த்தர்களின் திகைப்பை நான் மதிக்கிறேன். சரியாக வரையப்பட்டிருந்தால் தர்பரின் பயந்த ஆண்பிள்ளைகள் வெறும் ஹாஸ்யப் பாத்திரங்கள்தான். கோடே பயந்திருப்பதால்தான் அவர்கள் நாமாகிறார்கள்.

ஃப்ராய்ட் 1927ல் ஹாஸ்யம் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். திங்கட்கிழமை தூக்கு மேடைக்குப் போகும் கைதி, வாரம் நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது என்று சொல்லும் கதையை அதில் எடுத்துக்கொள்கிறார். மனத்துக்குள் இருக்கும் கண்டிப்பான மேலாள், அந்த ஒரு நிமிஷம் மட்டும் கருணை காட்டி, நடுங்கும் குழந்தையிடம் 'இந்த உலகம் இவ்வளவுதானப்பா, ஒரு விளையாட்டு' என்று தட்டிக்கொடுக்கிறான். அதுதான் ஹாஸ்யம் என்பது அவர் விளக்கம். ஆகவே ஹாஸ்யம் பணிவதில்லை, கலகம் செய்கிறது, துன்பத்தை ஏற்க மறுக்கிறது என்கிறார். பிரமாதமான விளக்கம். ஆனால் கைதியின் துக்கத்துக்கு அத்தாட்சி உண்டு, தூக்குமரமே அத்தாட்சி. அவனுக்குத் தட்டிக்கொடுக்கலாம். அத்தாட்சியற்ற துக்கக்காரனுக்குள் இருக்கும் மேலாள் தட்டிக்கொடுக்கமாட்டான், ஆதாரம் கேட்பான். கிறுக்கலில் பேசுவது அந்தக் கருணையுள்ள பெரியவர் அல்ல. பக்கத்து மேஜைக்காரன்தான். தன்மையில் சொல்ல முடியாததைப் படர்க்கையில் சொல்கிறான்: 'இதோ பார், இப்படி ஒருத்தன்.' 'நான்' என்பது 'ஒருத்தன்' ஆனதும் மூச்சு விட முடிகிறது. அவ்வளவுதான் கிடைக்கும் விடுதலை.

அது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாஸ்யம் மருந்து, சிரித்தால் நோய்விட்டுப்போகும் என்ற வார இதழ் வேதாந்தத்துக்கு ஸ்டீவியின் 1953 பதில். வருஷத் தொடக்கத்தில் எல்லாவற்றையும் பன்னிரண்டு வரியில், துல்லியமாக, சிரிப்போடு சொன்னவர், ஜூலையில் அதே கடலில்தான் கிடந்தார். கிறுக்கலின் மதிப்பு அது குணப்படுத்துவதில் இல்லை. பொய் சொல்லாமல் இருப்பதிலும், தன் துக்கத்தால் பிறரை ஆளாமல் இருப்பதிலும் இருக்கிறது. இவை இரண்டும் ஒழுக்கத்தைச் சேர்ந்த குணங்கள், ஆரோக்கியத்தைச் சேர்ந்தவை அல்ல.

5

ஆனால் ராஜிநாமாவுக்கு ஒரு விலை உண்டு. அதிகாரத்தை விட்டவன் அதோடு சேர்ந்த உரிமையையும் விட்டுவிடுகிறான் — உதவி கேட்கும் உரிமையை. 'ஒன்றுமில்லை, உட்காருங்கள்' என்று சொன்னால் ஜனங்கள் உண்மையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஸ்டீவியின் கவிதையில் கரையில் நிற்கிறவர்கள் கொடியவர்கள் அல்ல. அவர்கள் ஏமாந்தவர்கள், ஏமாற்றியது அவர்களுடைய சிநேகிதனே. வாழ்நாள் பூராவும் வேடிக்கை காட்டியவன் கையாட்டினால் அதுவும் வேடிக்கை என்று எண்ணாமல் வேறு எப்படி எண்ணுவது? குற்றம் யாருடையது என்று கவிதை தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு தரப்பையும் பேசவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

எனவே கேள்வி கிறுக்குகிறவனிடமிருந்து பார்க்கிறவனிடம் நகர்கிறது. நாம் எதற்காகப் பார்க்கிறோம், பார்க்க உரிமை உண்டா?

காஃப்காவை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது. ப்ராக் நகரத்தில் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் 1908லிருந்து 1922 வரை உத்தியோகம் பார்த்தவர். சட்டம் படிக்கும் நாட்களிலேயே பாடக் குறிப்புகளின் ஓரங்களில் கிறுக்கத் தொடங்கினார். மேஜையில் தலை கவிழ்ந்து கிடப்பவன், கம்பிகளுக்கு நடுவே நிற்பவன், கைத்தடியோடு ஒருவன் — எல்லாம் கறுப்பாய், ஒல்லியாய், எலும்பே இல்லாமல் கோணமாக மடிந்தவை. நண்பர் மாக்ஸ் ப்ராட் அவற்றைக் குப்பைக்கூடையிலிருந்தும் குறிப்பேடுகளின் ஓரங்களிலிருந்தும் சேகரித்தார். தன் எழுத்தின்மேல் இருந்ததைவிடத் தன் படங்கள்மேல் காஃப்காவுக்கு அலட்சியம் அதிகம், விரோதம் என்றுகூடச் சொல்லலாம் என்று ப்ராட் எழுதியிருக்கிறார். படிக்காமலே எரித்துவிட வேண்டியவை என்று காஃப்கா எழுதிவைத்த பிரபலமான சீட்டில் டைரி, கையெழுத்துப் பிரதி, கடிதங்களோடு படங்களும் உண்டு.

1924ல் காஃப்கா இறந்தார். ப்ராட் எரிக்கவில்லை. சில படங்களைத் தம் நூல்களில் வெளியிட்டார். மிச்சம் பல கை மாறி, வழக்குகளில் சிக்கி, ஸூரிச்சில் ஒரு பாங்க் லாக்கருக்குள் பல பத்தாண்டுகள் கிடந்தது. இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 2016ல் தீர்ப்புச் சொல்ல, 2019ல் லாக்கர் திறந்து ஜெருசலேம் தேசிய நூலகத்துக்குப் போனது. 2021ல் முழுத் தொகுதியாக அச்சேறியது. அதுவரை யாரும் பாராத நூற்றுக்கும் மேற்பட்ட கிறுக்கல்கள். நெருப்பில் போட வேண்டும் என்று எழுதியவனின் கிறுக்கல் பத்திரப் பெட்டகத்தில் வைத்துக் காக்கப்பட்டது என்பதைக் கேட்டால் முதலில் சிரிக்கிறவர் காஃப்காவாகத்தான் இருப்பார். பதவி உயர்வுக்கு நன்றி சொல்லப் போன இடத்தில், நிறுவனத் தலைவரின் எதிரிலேயே அடக்க மாட்டாமல் வெடித்துச் சிரித்துவிட்ட கதையை 1913ல் ஒரு கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதியவர் அவர்.

ஸ்டீவி அச்சிட்டே தீர வேண்டும் என்று நின்றார், காஃப்கா எரித்தே தீர வேண்டும் என்றார். கார்ட்டூன் யாரையோ நோக்கிப் போடப்படுவது. விலாசம் எழுதிய கடிதம். கிறுக்கலுக்கு விலாசம் கிடையாது. அதன் நேர்மைக்குக் காரணமே அதுதான். காஃப்கா அந்த நேர்மையைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார்: விலாசமற்றதை யாரும் பிரிக்கக் கூடாது. ஸ்டீவி வேறு பக்கம் போனார்: விலாசமற்றது என்பது தெரியும்படியாகவே அதைத் தபாலில் சேர்ப்பது. காஃப்கா ஸ்திதி சுத்தமானது. ஸ்டீவியுடையது ஆபத்தானது, ஆகவே அதிகத் தைரியமானது என்பது என் அபிப்பிராயம். எரிக்கச் சொல்கிறவன் தன்னைப் பிறர் தவறாகப் புரிந்துகொள்ள இடமே வைக்கவில்லை. அச்சிடுகிறவள், தவறாகத்தான் புரிந்துகொள்வார்கள் என்று தெரிந்தே கையை ஆட்டுகிறாள்.

நாம் 2021ல் பிரித்துவிட்டோம். பிரித்தது சரியா என்பதற்கு என்னிடம் முடிந்த பதில் இல்லை. பிரித்தவர்களுக்கு அதனால் ஒரு கடன் ஏற்பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

6

இன்றைக்குச் சோகக் கிறுக்கல் ஒரு சரக்கு. காப்பிக் கோப்பையில், பனியனில், நோட்டுப் புத்தக அட்டையில், கைக்குள் அடங்கும் திரைகளில், கோணல் வாயோடு ஒரு பொம்மை நின்று 'எனக்கு எதுவும் சரிவராது' என்கிறது. கோடு வேண்டுமென்றே தேர்ச்சியற்றதாக்கப்பட்டிருக்கிறது. இவற்றில் நல்லவையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னிடம் உள்ள உரைகல் ஒன்றுதான். போலியைப் பார்த்ததும், 'அப்பாடா, எல்லோருக்கும் இப்படித்தான்' என்று ஒரு திருப்தி உண்டாகிறது. கூட்டத்தில் சேர்ந்துவிட்ட திருப்தி. நிச்சயமின்மை அங்கே ஓர் அங்கத்தினர் அட்டை. அசல் கிறுக்கலோ அந்தச் சௌகரியத்தைக் கொடுப்பதில்லை. சிரித்துவிடுகிறோம், சிரித்த பிறகு, நாம் இப்போது நிற்பது கரை என்பது தெரிகிறது. ஸ்டீவியின் அந்தப் பெண் நம்மைப் பார்த்து 'நீயும் என்னைப்போல்தானே' என்று கேட்கவில்லை. தண்ணீருக்குள் நிற்கிறாள், தலைமயிர் முகத்தை மறைக்கிறது. அவள் முழுகிக்கொண்டிருக்கிறாளா, குளித்துவிட்டு எழுந்திருக்கிறாளா என்பதை நாம்தான் தீர்மானித்தாக வேண்டும். தப்பாகத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதை எதிரே உள்ள பன்னிரண்டு வரி சொல்கிறது.

சிரிக்காமல் இருப்பது இதற்குப் பரிகாரம் அல்ல. சிரிக்க மறுத்து முகத்தைக் கனமாக வைத்துக்கொள்கிறவன், அவள் வேண்டாம் என்று ராஜிநாமா செய்த அதிகாரத்தை அவள் தலையில் திரும்பச் சூட்டுகிறான். அது அவள் பேச்சைக் கேளாமையின் இன்னொரு வடிவம். சிரிக்க வேண்டும், அவள் சிரிக்கத்தான் போட்டாள். ஆழம் இவ்வளவுதானே என்று அளந்து சொல்வதும் நம் வேலை அல்ல. அதை அவளே அளந்து காட்டிவிட்டாள். அளவு தெரிந்தும் முழுகுகிறாள் என்பதுதான் செய்தி.

எந்த ஆபீஸிலும் எல்லோரையும் சிரிக்கவைக்கிற ஆசாமி ஒருவர் இருக்கிறார். செல்லாத படிவங்களின் பின்புறம் அவர் போடும் உருவங்கள் மேஜைக்கு மேஜை போகின்றன. அவரிடம் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை, கேட்கத் தோன்றுவதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு வேடிக்கை சொல்வார். அதற்கும் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு, இன்னொரு தடவை கேட்க வேண்டும்.